குக்கர் வாங்கும் முன் அடுப்பைப் பாருங்கள்

ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் ஒரு பிரஷர் குக்கரையும் வைத்துக் கொண்டுவருவது நம் குடும்பங்களில் வழக்கம். ஆனால் அது இங்குள்ள அடுப்புக்குப் பொருந்துமா என்று பார்க்க மறந்துவிடுகிறோம். வாங்கும் முன் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்கு மேல் சூடேறாது. குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் வெப்பம் சுமார் 120 டிகிரி வரை உயர்கிறது. பருப்பும் கடலையும் விரைவில் வேக இதுவே காரணம்.

1. அடுப்பு: காஸ் அடுப்புக்கு எந்தக் குக்கரும் சரி. இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினியக் குக்கர் சூடாகாது. அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால்தான் உதவும். கண்ணாடிப் பரப்புள்ள மின் அடுப்புக்கு அடி தட்டையாக இருக்க வேண்டும். மின் அடுப்பு அணைத்த பிறகும் சூடு விடாது. ஆகவே சமையல் முடிந்ததும் குக்கரைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும்.

2. அளவு: இரண்டு மூன்று பேருக்கு 3 லிட்டர், நான்கு ஐந்து பேருக்கு 5 லிட்டர் போதும். குக்கரை விளிம்புவரை நிரப்பக் கூடாது. பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு; பொங்கி வரும் அரிசி, பருப்புக்குப் பாதிதான். விருந்தினர் அதிகம் வரும் வீட்டில் ஒரே பெரிய குக்கரைவிட நடுத்தர அளவில் இரண்டு இருப்பது வசதி.

3. மூடி: உள்மூடியை ஆவியே விளிம்போடு அழுத்திப் பிடிக்கும், அழுத்தம் இறங்கும்வரை திறக்க வராது. சோறு, பருப்பு, காய் என்று அடுக்கி வைப்பவர்களுக்கு வெளிமூடி சௌகரியம்.

4. உதிரிப் பாகங்கள்: ரப்பர் வளையம், வெயிட், சேஃப்டி வால்வு ஆகியவை இங்கே கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் வாங்கும்போதே கூடுதலாக ஒவ்வொன்று வாங்கிவையுங்கள். வால்வு உருகிப் போனால் அதே மாடலுக்கு உரியதைத்தான் போட வேண்டும். அந்தத் துளையை வேறு எதனாலும் அடைப்பது உயிருக்கே ஆபத்து.

ஐரோப்பியக் குக்கர்கள் பலவற்றில் விசில் வராது. அழுத்தத்தைக் காட்டும் குமிழ் மேலே வந்ததும் தீயைக் குறைத்து நிமிடங்களை எண்ண வேண்டும். “மூன்று விசில்” என்று அம்மா சொன்ன கணக்கு அங்கே செல்லாது. ஓரிரு முறை சமைத்துப் பார்த்து, நேரத்தை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

எந்தக் குக்கரானாலும் ஒவ்வொரு முறையும் மூடும் முன் ஆவித் துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அழுத்தம் முழுவதும் இறங்கிய பிறகே திறங்கள். வீட்டில் சமைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.