பெருந்தொற்றுக் காலமும் கருப்பைவாய்ப் புற்றுநோயும்

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணை வழியே வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை நம்மில் பலர் அறிவர். 2020 மார்ச் 24 மாலை தமிழகமெங்கும் பேருந்துகள் நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் வண்டிகள் மாநிலமெங்கும் மீண்டும் ஓடியது செப்டம்பர் 7-ஆம் தேதியன்றே. தொற்றைத் தடுக்க அது அவசியமாயிருந்தது, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அந்த ஐந்தரை மாதமும் கல்வராயன் மலை மகளிருக்கு வேறொரு வகையில் நஷ்டமே.

கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமியால் உண்டாவது. மாறுதலடைந்த உயிரணுக்கள் புற்றாக முதிரப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அப்படியாயின் ஐந்து மாதம் என்ன பெரிது என்று உறுப்பினர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறி ஏதும் இல்லாத பெண்ணுக்குச் சோதனை சிறிது தள்ளிப்போனால் தீங்கு குறைவே. மாதவிலக்கு நின்றபின் உதிரம் காண்பவளுக்கும், துர்நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு உள்ளவளுக்கும் கணக்கே வேறு. புற்று கருப்பைவாய்க்குள் சிறிதாக அடங்கியிருக்கையில் அறுவையால் அகற்றலாம். இடுப்புச் சுவர்வரை பரவிவிட்டால் கதிர்வீச்சும் மருந்துமே வழி. அதற்குத் தொலைதூரப் பிரயாணம் வேண்டும், வண்டியோ இல்லை.

2020 மார்ச் முதல் மே வரை நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் எடுத்த கணக்கில், புதிய நோயாளிகளின் பதிவு முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 விழுக்காடு குறைந்திருந்தது. நோய் குறையவில்லை, வந்து காட்டியவரே குறைந்தனர். சோதனை வேலையோ பெரும்பாலான மையங்களில் ஏறக்குறைய நின்றே போயிற்று.

சோதனை எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பர். வெண்திட்டு தோன்றினால் மேற்சோதனை. கத்தியுமில்லை, மயக்க மருந்துமில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இச்சோதனையால் இந்நோயின் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன.

ஆகவே, அக்காலத்தில் சோதனை தவறி இன்னும் போகாத பெண்களின் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியருடன் கூடித் தயாரிக்க வேண்டுகிறோம். கிராம சபையில் பெயர் வாசித்தல் கூடாது. பெண் உறுப்பினர் வீட்டுக்கே செல்வது நலம். மரவள்ளி பிடுங்கும் நாட்களில் அழைத்தால் எவரும் வாரார். கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. வெண்திட்டு கண்டவளை மேற்சோதனைக்கு அனுப்பியபின், பத்து நாள் கழித்து அவள் போய்ச் சேர்ந்தாளா என்று ஒருமுறை கேட்டறிய வேண்டும்.