கோப்பைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் பார்ப்பது எப்படி?

வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்களைக் கணினியில் சேமித்துவைத்தால், பல சமயம் தேதியும் எண்ணும் கலந்த ஒரே மாதிரியான பெயர்களோடுதான் நிற்கும். ஸ்கேன் செய்தவை என்றால் வெறும் வரிசை எண்தான். இதில் சாதிச் சான்றிதழ் எது, பத்திர நகல் எது, வீட்டு வரி ரசீது எது? ஒவ்வொன்றாகத் திறந்து, இது இல்லை என்று மூடி, அடுத்ததைத் திறந்து தேடினால் நேரம் போவதே தெரியாது. வேர்டு கோப்பாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கை தவறி ஏதோ ஒரு விசை பட்டிருக்கும், மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டால் மூலக் கோப்பே மாறிவிடும்.

இதற்காகப் புதிதாக எந்த மென்பொருளையும் தேட வேண்டாம். விண்டோஸிலேயே வசதி இருக்கிறது.

முதலில் கோப்புறையைத் திறந்து, ஏதாவது ஒரு கோப்பை ஒரே ஒரு முறை சொடுக்குங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ‘பி’யைத் தட்டுங்கள். ஜன்னலின் வலப்பக்கத்தில் ஒரு பலகம் விரியும். கோப்பின் உள்ளடக்கம் அதில் தெரியும். இதற்குப் பிரிவியூ பேன் என்று பெயர். விண்டோஸ் 11-இல் மெனு வழியாகப் போக விரும்பினால் மேலே ‘வியூ’வுக்குள் ‘பிரிவியூ பேன்’ இருக்கும்.

அடுத்து, பலகத்தின் இடது ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலமாக்குங்கள். பலர் இதைச் செய்யாமல், எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று பலகத்தையே மூடிவிடுகிறார்கள். ஜன்னலில் பாதியை அதற்குக் கொடுத்தால்தான் சான்றிதழில் இருக்கும் பெயரையும் எண்ணையும் படிக்க முடியும்.

இனி மவுஸ் வேண்டாம். கீழ்நோக்கும் அம்பு விசையைத் தட்டத் தட்ட அடுத்தடுத்த கோப்புகள் பலகத்தில் வந்து நிற்கும். பல பக்கப் பிடிஎஃப் என்றால் பலகத்துக்குள்ளேயே உருட்டிப் பார்க்கலாம். எக்ஸெல் கோப்பில் கீழே இருக்கும் ஷீட் பெயர்களைச் சொடுக்கி மற்ற ஷீட்களுக்கும் போகலாம்.

கோப்பு இன்னதென்று தெரிந்த கையோடு எஃப்2 விசையைத் தட்டி நல்ல பெயராக வைத்துவிடுங்கள். அடுத்த முறை இந்தத் தேடலே இருக்காது. சில சமயம் ‘கோப்பு வேறொரு இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று பெயர் மாற்றவோ அழிக்கவோ விடாது. முன்னோட்டம் காட்டுவதற்காக விண்டோஸே அந்தக் கோப்பைப் பிடித்துவைத்திருப்பதுதான் காரணம். மறுபடி ஆல்ட்-பி தட்டிப் பலகத்தை மூடிவிட்டு முயன்றால் வேலை நடக்கும்.

பலகம் வெறுமையாக இருக்கிறதா? வேர்டு, எக்ஸெல் கோப்புகளின் முன்னோட்டத்துக்குக் கணினியில் ஆபீஸ் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இருந்தும் வரவில்லை என்றால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ பகுதிக்குப் போய், ‘ஷோ பிரிவியூ ஹேண்ட்லர்ஸ் இன் பிரிவியூ பேன்’ என்ற வரிக்கு முன்னால் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்னோட்டத்துக்குப் பதிலாக, இந்தக் கோப்பு கணினிக்குத் தீங்கு செய்யலாம் என்ற எச்சரிக்கை வந்தால் அது வேறு விஷயம். 2025 அக்டோபரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பிலிருந்து, இணையத்தில் இறக்கிய கோப்புகளுக்கு விண்டோஸ் முன்னோட்டம் காட்டுவதில்லை. கோப்பு உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து வந்ததுதான் என்றால், வலது சொடுக்கி ‘பிராப்பர்ட்டீஸ்’ போய், அடியில் இருக்கும் ‘அன்பிளாக்’ கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள். உடனே பலன் தெரியாவிட்டால் விண்டோஸிலிருந்து ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

இந்தத் தடை எரிச்சலூட்டலாம். ஆனால் காரணம் நியாயமானது. ‘திறக்கவில்லையே, பார்க்கத்தானே செய்தேன்’ என்பது பாதுகாப்பு ஆகாது. முன்னோட்டம் காட்ட வேண்டும் என்றாலே கணினி அந்தக் கோப்பைப் படித்தாக வேண்டும். 2020 மார்ச்சில் எழுத்துருக்களைக் கையாளும் பகுதியில் ஓட்டை இருப்பது தெரிந்தபோது, சரிசெய்யும் வரை பிரிவியூ பேனை அணைத்துவையுங்கள் என்று மைக்ரோசாஃப்டே அறிவுறுத்தியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளக் குறிப்பு, வழக்கமான பென்டிரைவ்களில் கோப்போடு சேர்ந்து பயணிக்காது. ஆகவே பிறர் கொடுத்த பென்டிரைவில் இருக்கும் கோப்புகளைப் பற்றி விண்டோஸ் எச்சரிக்கும் என்று நம்பாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய கோப்பைத் திறக்கவும் வேண்டாம், முன்னோட்டமும் பார்க்க வேண்டாம்.

பக்கவாட்டுப் பலகம் போதவில்லை, பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் ‘பீக்’ என்ற கருவி இருக்கிறது. கோப்பைத் தேர்ந்து, பதிப்பைப் பொறுத்து ஸ்பேஸ் பாரையோ கண்ட்ரோலோடு ஸ்பேஸ் பாரையோ தட்டினால் தனி ஜன்னலில் காட்டும். உங்கள் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அதே விசைகளைப் பயன்படுத்தினால், அமைப்புகளில் வேறு விசைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மேக்கில் இது 2007-லேயே வந்துவிட்டது: ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டினால் போதும். உபுண்டுவில் ‘க்னோம் சுஷி’ நிறுவினால் அதே ஸ்பேஸ் பார் அங்கேயும் வேலை செய்யும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஒரு சிக்கலும் உண்டு. பழைய கோப்புகளைப் பார்க்கும்போது பலகத்தில் ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும் குவிந்து கிடக்கும். கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான்; அதனால்தான் அத்தனை அரைப்புள்ளிகள். வேர்டு கோப்பாக இருந்தால் அந்த எழுத்துருவை நிறுவிவிட்டு மறுபடி முன்னோட்டம் பாருங்கள், தமிழ் தெரியும். வெறும் டெக்ஸ்ட் கோப்பில் எழுத்துரு விவரமே சேமிக்கப்படாது. அதிலிருந்து இரண்டு வரியை நகலெடுத்து, பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் இணையக் கருவி ஒன்றில் ஒட்டிப் பார்த்தால் என்ன கோப்பு என்று தெரிந்துவிடும்.