அலை அடங்கிய நீரும் அடங்காத காற்றும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆண்டிறுதி விடுமுறையில், மாணவர்களையும் பெற்றோர் சிலரையும் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். காலை வேளை. கடல் ஒரு சிறு அலையுமின்றி எண்ணெய் வார்த்ததுபோல் கிடந்தது. “குளம் போலல்லவா இருக்கிறது, அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை” என்று பெரியவர்கள் கூறினர். நாமும் அதனை ஒப்புக்கொண்டோம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் லாரிச் சக்கரத்தின் உட்குழாயில் ஏறி அமர்ந்து மிதந்துகொண்டிருந்தான். சற்று நேரத்தில் அவன் குரல் சிறுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது, எவரும் நீந்தி எட்ட முடியாத தொலைவில் இருந்தான். நல்லவேளையாக வலையிழுத்துக்கொண்டிருந்த மலாய் மீனவர் ஒருவர் தம் சம்பானில் விரைந்து சென்று அவனை மீட்டு வந்தார். நாம் நன்றி கூறியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கரையிலிருந்த தென்னை மரங்களைக் கையால் சுட்டிக் காட்டினார். கீற்றுகள் யாவும் கடலை நோக்கிச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

அன்று நாம் நீரைப் பார்த்தோம், காற்றைப் பார்க்கவில்லை. அலை இல்லையென்றால் காற்றும் இல்லை என்று எண்ணியதே நம் பிழை. அந்தப் பாடத்தை விளையாட்டு ஒன்றின் வழியாக இவ்வாண்டு மலரில் கற்போம்.

பாய்ப்பலகை விளையாட்டு

நீரில் மிதக்கும் பலகை ஒன்றின்மீது பாய்மரத்தை நிறுத்தி, ஒருவர் நின்றவாறே பாயைக் கையிற்பிடித்துக் காற்றின் வலிமையால் ஓடுவதை விண்ட்சர்ஃபிங் என்பர். நாம் இதனைப் பாய்ப்பலகை என்போம். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் இது முதன்முறையாக இடம்பெற்றது.

இதில் விரைவோட்டம் என்பது ஒரு தனிப்பிரிவு. 500 மீட்டர் தூரத்தை அளந்து வைத்து, அதனைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுவர். வேகத்தை மணிக்கு இத்தனை கடல்மைல் என்று கூறுவது வழக்கம். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர் ஆகும். 1986இல் பாஸ்கல் மாக்கா என்பவர் ஃபுவர்ட்டவெந்தூரா தீவின் சொத்தவெந்தோ கடற்கரையில் மணிக்கு 38.86 கடல்மைல் வேகத்தில் ஓடினார். 2015இல் ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டிலுள்ள லூடெரிட்ஸ் என்னுமிடத்தில் அந்துவான் அல்போ என்னும் பிரெஞ்சுக்காரர் 53.27 கடல்மைல் வேகத்தை எட்டினார். அதாவது மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீட்டருக்கும் மேல்! எந்திரம் இல்லை, எண்ணெய் இல்லை, காற்று ஒன்றே துணை.

இவ்வேகத்திற்கு இரண்டு பொருள்கள் ஒருங்கே வேண்டும். ஒன்று வலிய காற்று. மற்றொன்று அலையற்ற நீர். அலை இருந்தால் பலகை துள்ளும், துள்ளினால் அதன் அடியிலுள்ள துடுப்பு நீரைப் பற்றாது, வேகம் சிதறும். ஆனால் காற்று வலுத்தால் அலை எழுமே! இவ்விரண்டும் ஓரிடத்தில் எவ்வாறு கூடும்? இதுவே நாம் விடுவிக்க வேண்டிய புதிர்.

அலை எவ்வாறு வளர்கிறது?

அலையின் உயரத்தை மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன. காற்றின் வேகம் ஒன்று. அது வீசும் நேரம் இரண்டு. தடையின்றி நீரின்மேல் அது ஓடிவரும் தூரம் மூன்று. இம்மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எத்தனை வலிய காற்றாயினும், கரையிலிருந்து இறங்கிய முதல் சில மீட்டர்களில் அதனால் சிற்றலைகளையே எழுப்ப முடியும். நீர்ப்பரப்பில் ஓட ஓடத்தான் சிற்றலை பேரலையாகும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அது தென்சீனக் கடலின்மேல் நெடுந்தூரம் ஓடிவந்து பகாங், திரங்கானு கரைகளை மோதுகிறது. ஆகவே அங்கே கடல் கொந்தளிக்கிறது. அதே காலத்தில் நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் கரையிலோ காற்று நிலத்திலிருந்து கடலுக்குச் செல்கிறது. ஆகவே கரையோர நீர் அமைதியாகக் கிடக்கிறது. ஒரே பருவம், இரு வேறு கடல்கள்!

மண்டபத்து மீனவர் கற்ற பாடம்

நம் தோட்டங்களில் வாழ்வோருள் பலருடைய பாட்டன்மார் இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவர்கள். அச்சீமையின் கிழக்கு முனையில் மண்டபமும், அதனைக் கடந்து இராமேசுவரம் தீவும் உள்ளன. அங்கே நிலம் ஒடுங்கி, வடக்கே பாக் நீரிணைப் பகுதியும் தெற்கே மன்னார் வளைகுடாவும் மிக அருகருகே அமைந்துள்ளன. மீனவர்கள் வடபுறத்தைப் பெண்கடல் என்றும் தென்புறத்தை ஆண்கடல் என்றும் வழங்குவர்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்களில் ஆண்கடல் அலைமோதிக் கொந்தளிக்கும். அக்காற்று ஒடுங்கிய தாழ்ந்த நிலத்தைத் தாண்டி வடபுறம் இறங்கும்போது அலைகளைத் தென்கரையிலேயே விட்டுவிட்டு வருகிறது; வேகத்தையோ பெரிதும் இழப்பதில்லை. ஆகவே வடகரையை ஒட்டி வலிய காற்றும் அமைதியான நீரும் ஒருங்கே கிடைக்கின்றன. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாக மாறும். வடபுறம் கலங்கும், தென்புறம் அடங்கும். இதனை நன்கறிந்த மீனவர்கள் பருவத்திற்கேற்பத் தம் வள்ளங்களை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றிக்கொள்வர். இக்காலத்தில் பட்டத்தைப் பறக்கவிட்டு நீரில் சறுக்கும் விளையாட்டினரும் இதே நீரைத் தேடி அங்கு வருகின்றனர். இலங்கையின் கற்பிட்டிக் களப்பும் இவ்வகையினதே.

நம் மொழியும் காற்றைத் திசை பிரித்தே அழைக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. காற்றின் திசையறிவது உயிர்காக்கும் அறிவு என்பதை உணர்ந்தோர் இட்ட பெயர்கள் இவை.

தாழ்ந்த கரையும் உயர்ந்த கரையும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். காற்றை நிலம் தடுக்க வேண்டும் என்றால், நம் தோட்டத்துக் குளமே போதாதா?

போதாது. குளத்தைச் சுற்றிச் செம்பனை மரங்கள் நிற்கின்றன. மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்திற்கும் அப்பால்வரை காற்று தளர்ந்தும் சுழன்றும் வரும். மரம் 12 மீட்டர் உயரமானால் 120 மீட்டருக்கு மேல் நல்ல காற்றில்லை. அதற்குள் குளமே முடிந்துவிடும். போர்ட்டிக்சனுக்குத் தெற்கேயுள்ள தஞ்சோங் துவான் முனையும் அத்தகையதே. கலங்கரை விளக்கம் நிற்கும் அக்குன்று அடர்ந்த காடு உடையது. அதன் மறைவில் நீர் அடங்கியிருக்கும். ஆனால் காற்றும் உடைந்து சிதறியே வரும்.

ஆகவே புதிரின் விடை இதுவாகும்: உயர்ந்த கரை அலையையும் தடுக்கும், காற்றையும் தடுக்கும். தாழ்ந்த கரை அலையை மட்டும் தடுத்துக் காற்றை விட்டுவிடும். விரைவோட்டத்திற்கு வேண்டியது மரமற்ற தாழ்ந்த கரை, மணல் திட்டு, கல்லணை. லூடெரிட்ஸில் இவ்வுண்மையை அறிந்தே சில மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் ஒன்றை நீளமாக வெட்டினர். அவ்வளவு குறுகிய நீரில் அலை வளர இடமேது?

ஒரு சோதனை

அகன்ற தட்டொன்றில் நீர் ஊற்றுங்கள். ஒரு முனையிலிருந்து விசிறியால் வீசுங்கள். அருகில் சிற்றலையும் எதிர்முனையில் பெரிய அலையும் தோன்றும். தட்டின் நடுவே ஓர் அடிக்கோலைப் பாதி நீரில் அமிழும்படி குறுக்கே வையுங்கள். அதன் பின்னால் நீர் அடங்கும். ஆனால் அங்கே பிடித்த காகிதக் கொடி படபடக்கும். அடிக்கோலை எடுத்துவிட்டுப் பழைய கனத்த புத்தகத்தை நிறுத்துங்கள். நீரும் அடங்கும், கொடியும் ஓயும். தாழ்ந்த கரைக்கும் உயர்ந்த கரைக்கும் உள்ள வேறுபாடு கண்முன் விளங்கும்.

நம் கரையில் இடம் தேடும் முறை

முதலாவது, காற்றின் திசையையும் வலிமையையும் அறிக. பள்ளிக் கொடி, புகை, தென்னங்கீற்று ஆகியவை திசை காட்டும். புழுதி எழுந்து சிறு கிளைகள் அசைந்தால் காற்று மணிக்கு 11 முதல் 16 கடல்மைல். இலைகள் அடர்ந்த சிறு மரங்களே ஆடினால் 17 முதல் 21 கடல்மைல்.

இரண்டாவது, ஓடும் திசையைக் கணிக்க. காற்றை நேர் பின்னால் வாங்கி ஓடும் பாய்ப்பலகை அக்காற்றை விஞ்சிச் செல்ல இயலாது. பக்கத்திலிருந்து சற்றுப் பின்சாய்வாக வாங்கும்போதே வேகம் மிகும். ஆகவே கரையை ஒட்டி ஓடுவோர்க்கு, நிலத்திலிருந்து சாய்வாக வரும் காற்றே ஏற்றது.

மூன்றாவது, கடலின் ஏற்றவற்றத்தை நோக்குக. போர்ட்டிக்சன் கரையில் பகலில் கடற்காற்று கரை நோக்கி வீசும். கடல் வற்றும்போது சற்று வெளியே மணல் திட்டு தலைகாட்டும் இடமிருந்தால், திட்டு அலையை உடைக்கும். காற்றோ அதன்மேல் கடந்து வரும். திட்டுக்கும் கரைக்கும் இடையே அமைதியான நீர் கிடைக்கும். அங்கு விழுந்தாலும் காற்று நம்மைக் கரைக்கே கொண்டுவரும். பழகுவோர்க்கு இதனினும் நல்ல இடமில்லை.

நான்காவது, அடியில் பாறை உண்டா, ஆழம் எவ்வளவு என்று கடல் வற்றியபோது நடந்து பார்த்து அறிக. ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முதுமொழியன்றோ!

ஐந்தாவது, மீனவரைக் கேட்டறிக. லிங்கி ஆற்றின் கழிமுகம் அமைதியாகத் தோன்றும். அங்கே முதலைகள் உண்டு என்பதை நீர் நமக்குச் சொல்லாது. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னரோ காலையிலோ, நீரிணையைக் கடந்து சுமத்ராக் காற்று இடியுடன் பாய்ந்து வரும். மேற்கே கரிய மேகச்சுவர் எழுந்தால் உடனே கரையேற வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

விரைவோட்ட வீரர் விரும்பித் தேடும் நீரே குழந்தைகளை ஏமாற்றும் நீர். நிலத்துக் காற்று வீசும்போது கரையோரம் கண்ணாடிபோல் இருக்கும்; தள்ளிச் செல்லச் செல்லக் காற்றும் அலையும் பெருகும். வீரருக்கு உயிர்காப்பு உடை உண்டு. மீட்புப் படகு உண்டு. உட்குழாயில் மிதக்கும் சிறுவனுக்கு எதுவுமில்லை. ஆகவே கீற்றுகள் கடல் நோக்கிச் சாயும் வேளையில் மிதவைகளை நீரில் இறக்காதீர்கள். தோட்டத்துக் குளமும் பழைய ஈயக்குட்டையும் எக்காலத்தும் விளையாடும் இடங்களல்ல. அவற்றின் கரை செங்குத்தாகச் சரிந்து திடீரென ஆழமாகும்.

தாழ்ந்த கரைக்கும் ஓர் எல்லை உண்டு. 1964 டிசம்பரில் இராமேசுவரம் தீவின் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, அந்த மணற்கரையால் எதனையும் தடுக்க முடியவில்லை. சாதாரண நாளின் கணக்கு புயல் நாளுக்குப் பொருந்தாது.

மாணவச் செல்வங்களே! பாய்ப்பலகை விலையுயர்ந்த பொருள். இன்று நம்மில் பலருக்கு அது எட்டாதிருக்கலாம். ஆனால் காற்றையும் நீரையும் படிக்கும் அறிவுக்கு விலையில்லை. அதனைக் கற்றவன் நாளை பலகையில் ஏறினால் விரைந்து ஓடுவான். ஏறாவிட்டாலும் தன் தம்பி தங்கையைக் கரையில் காப்பான். அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, காலை நனைப்பதற்கு முன் தென்னையின் உச்சியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போமாக.

பயிற்சி

1. 500 மீட்டர் தூரத்தை மணிக்கு 30 கடல்மைல் வேகத்தில் கடக்க எத்தனை வினாடி ஆகும்? (விடை: ஏறத்தாழ 32)

2. கடல் முழுதும் வற்றும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கடல் வற்றினால், எந்த நாளில் அது பிற்பகல் 3 மணியளவில் வற்றும்? (விடை: ஞாயிற்றுக்கிழமை)

3. உங்கள் லயத்து வாசலில் நின்று, ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் காற்றின் திசையை எழுதுக. வீசியது தென்றலா, வாடையா, கொண்டலா, கோடையா?

— தலைமையாசிரியர்