கணிப்பொறிக்குள் பாட்டியின் குரல்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கணிப்பொறி திடீரெனக் கண்மூடியது. மறைந்த பாட்டியின் குரல் பதிவு அதில்தான் இருந்தது. வேறெங்கும் படியெடுத்து வைக்கவில்லை. அம்மா அழுதே விட்டார்கள்.

கணிப்பொறி வேறு, அதனுள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் வேறு என்பதை அன்றுதான் அறிந்தேன். மின்சாரம் வழங்கும் பாகம் பழுதானாலும், தட்டில் காந்தமாய்ப் பதிந்தவை பெரும்பாலும் அழிவதில்லை. 2003-இல் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலம் சிதறி விழுந்தபோது, கருகிக் கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏறக்குறைய 99 விழுக்காடு பதிவுகளை மீட்டார்களே!

மாமா மின் இணைப்பைத் துண்டித்து, நான்கு திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை எடுத்தார். தனி மின்சாரம் உள்ள யு.எஸ்.பி. பெட்டியில் பொருத்தி, வேறொரு கணிப்பொறியில் இணைத்தார். "டக், டக்" என்று ஓசை வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டுமாம். படிக்கும் முனை தட்டில் உரசினால் பதிவே சுரண்டப்பட்டுவிடும். மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது. ஒரு தூசி போதும், கெடுப்பதற்கு! (நான் திறக்கத்தான் ஆசைப்பட்டேன்.)

நல்லவேளை, எங்கள் டிஸ்க் அமைதியாகச் சுழன்றது. எதையும் திறக்குமுன் எல்லாவற்றையும் படியெடுத்தோம். பிறகு, பாட்டி என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.