தோலுக்கு வெம்மை தரும் சுரப்பி

நம் கழுத்தின் முன்புறத்தே, குரல்வளையின் கீழே, தைராய்டு என்னும் சிறு சுரப்பி அமைந்துள்ளது. அது சுரக்கும் ஹார்மோன் குருதியிற் கலந்து உடலெங்கும் பரவுகின்றது. நுண்ணிய தமனிகளின் சுவர்த் தசைகளை அது தளரச் செய்கின்றது. அதனால் அவை விரியும். தோலளவும் குருதி நன்கு பாயும். சுரப்புக் குன்றினால் அந்நாளங்கள் ஒடுங்கும். தோல் வெளிறிக் குளிரும். சுரப்பு மிகினும் தீங்கே, உடல் வெதும்பி வியர்க்கும், நெஞ்சு படபடக்கும்.

1891ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், இச்சுரப்புக் குன்றி நலிந்த மாதொருவர்க்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். சில வாரங்களில் அவர்தம் வீக்கம் வடிந்தது. வறண்ட தோலில் வியர்வை அரும்பியது. குளிரின் வருத்தம் தணிந்தது. அம்மருந்தைத் தொடர்ந்து பெற்று, அம்மாது மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். குறையாமலும் மிகாமலும் சுரப்பதே உடற்கு நலமாகும்.