‘வைஃபை வரல டீச்சர்!’

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் இன்றும் பல வீடுகளில் பீரோ மேல் துணி சுற்றிக் கிடக்கின்றன. அன்று அவற்றை வாங்கிய பிளஸ் டூ மாணவர்கள்தான் இன்று நம் வகுப்புப் பிள்ளைகளின் சித்தப்பாக்கள், அத்தைகள். ஒருசிலர் பெற்றோராகவே ஆகிவிட்டார்கள். எங்கள் நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின்போது, “பயன்படாமல் கிடந்தால் பள்ளிக்குத் தாருங்கள்” என்று கேட்டோம். இரண்டே வாரத்தில் ஆறு மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன.

எங்களுக்கு அவை எதற்குத் தேவைப்பட்டன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். எங்கள் ஊரில் ஒரு பெண் குழந்தையின் படிப்பு ஒன்பதாம் வகுப்புக்குப் பின் தொடருமா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய தொகை அது. மணற்கேணியில் பாடக் காணொளிகள் இருக்கின்றன. முந்தைய வினாத்தாள்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் உள்ள ஒரே கைபேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். மாலையில் ஒரு மணி நேரம் பள்ளியிலேயே ஆறு திரைகள் கிடைத்தால் அது பெரிய உதவி.

வந்த கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டது. புதிய விண்டோஸை ஏற்றினால் 2 ஜிபி நினைவகம் மூச்சு வாங்கும். எனவே லினக்ஸுக்குப் போனோம். இது ஒன்றும் புதிதல்ல. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளிலேயே விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்துத்தான் தரப்பட்டது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. முன்னாள் மாணவர்களிடம் கேட்டேன். அந்த ஆறு பேரில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை!

லினக்ஸை நிறுவுவது எளிது. பென் டிரைவில் ஏற்றி, திரை கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் முடிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்களிடம் உள்ளது 32 பிட் கணினி என்றால் டெபியன் 12 வரைதான் நிறுவ முடியும். 13இல் அதற்கான நிறுவி இல்லை. உண்மையான வேலை நிறுவி முடித்த பிறகுதான் தொடங்கியது. ஆறில் மூன்று கணினிகள் உடனே பள்ளியின் வைஃபையில் இணைந்தன. மற்ற மூன்றைச் சுற்றி நின்ற பிள்ளைகளிடமிருந்து ஒரே குரல்: “வைஃபை வரல டீச்சர்!”

‘வரல’ என்றால் என்ன?

“கணக்கு வரல” என்று ஒரு பிள்ளை சொன்னால் நாம் என்ன செய்வோம்? வகுத்தல் வரவில்லையா, வகுத்தலுக்கு வேண்டிய கழித்தல் வரவில்லையா, கழித்தலுக்கு வேண்டிய இடமதிப்பு புரியவில்லையா என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் பார்ப்போம். வைஃபைக்கும் அதே வழிதான். ‘வரவில்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. கார்டு அணைந்திருக்கலாம். கார்டைக் கணினி அறியாமல் இருக்கலாம். அறிந்தும் அதை ஓட்டத் தெரியாமல் இருக்கலாம். ஓட்டத் தெரிந்தும் ரூட்டரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். இந்த வரிசையை மாற்றாமல் கேட்டுக்கொண்டே போக வேண்டும். இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளையே கேட்கவிட்டேன். ஆளுக்கொரு நோட்டு, ‘என்ன செய்தோம், என்ன தெரிந்தது’ என்று இரண்டு பத்திகள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும் என்பது விதி. ஏழாம், எட்டாம் வகுப்பு அறிவியலில் சோதனையைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது.

இனி வரும் கட்டளைகளை லினக்ஸின் டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே எழுத்துகளின் ஒலியைத் தருகிறேன்.

முதல் கட்டளை ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’. ஆர், எஃப் இரண்டும் வானொலி அலையைக் குறிப்பவை. கில் என்பது அணைப்பது. கணினியில் உள்ள வைஃபை, புளூடூத் ஒவ்வொன்றும் மென்பொருளால் தடுக்கப்பட்டுள்ளதா, வன்பொருளால் தடுக்கப்பட்டுள்ளதா என்று இரண்டு வரிகளில் அது சொல்லிவிடும். மென்பொருள் தடை என்றால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்’ என்று கொடுத்தால் நீங்கிவிடும். வன்பொருள் தடை என்றால் எந்தக் கட்டளையாலும் நீங்காது. கையால்தான் நீக்க வேண்டும். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகம் அளவுக்கு ஒரு நகர்த்து சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் எஃப்என் விசையோடு மேல்வரிசையில் ஆன்டெனா படம் போட்ட விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். எங்கள் நான்காவது கணினியின் நோய் இதுதான். தூசி அடைந்து நிறமே தெரியாமல் இருந்த சுவிட்சை ஒரு மாணவி விரலால் தடவிக் கண்டுபிடித்தாள்.

தடை எதுவும் இல்லையென்றால் அடுத்த கேள்வி: கணினிக்குள் என்ன கார்டு இருக்கிறது? ‘எல்எஸ்பிசிஐ’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, ‘என்என்கே’ என்று சேர்க்கவும். நீண்ட பட்டியல் வரும். அதில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று இருக்கும் வரியைத் தேடுங்கள். வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். அதன் முன்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும், பின்பாதி அந்தக் குறிப்பிட்ட சில்லைக் குறிக்கும். 8086 என்றால் இன்டெல். 14இ4 என்றால் பிராட்காம். 168சி என்றால் ஏதெரோஸ். 10இசி என்றால் ரியல்டெக். கணினியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஒரே மாதிரிக் கணினியில்கூட வெவ்வேறு கார்டு இருக்கலாம். இந்த எண்தான் ஆதாரம். (16 அடிமான எண்முறையைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. “எண்ணுக்குள்ள எதுக்கு டீச்சர் எழுத்து?” என்று அவர்களே கேட்பார்கள்.)

அதே பட்டியலில், அந்த வரிக்குக் கீழே ‘டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி இருந்தால் கணினி அந்தக் கார்டுக்கு ஓர் ஓட்டுநரை அமர்த்திவிட்டது என்று பொருள். அப்படியும் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் குறை ஃபர்ம்வேரில்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பழைய கணினிகளில் அதிகம் பேரைத் திணறடிப்பது இதுதான்.

ஓட்டுநர் இருந்தும் ஓடாத வண்டி

டிரைவர் என்பது கணினியின் முதன்மைச் செயலியில் ஓடும் நிரல். ஃபர்ம்வேர் அப்படியல்ல. வைஃபை கார்டுக்குள்ளேயே ஒரு குட்டிச் செயலி இருக்கிறது. அதற்குள் ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர். பல கார்டுகளில் இந்த நிரலை நிரந்தரமாகச் சேமித்து வைக்க இடமில்லை. மின்சாரம் போனால் மறந்துவிடும். ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் டிரைவர் அந்தக் கோப்பை எடுத்துக் கார்டுக்குள் ஊட்ட வேண்டும். விண்டோஸில் இது டிரைவர் தொகுப்புக்குள்ளேயே சேர்ந்து வந்துவிடும் என்பதால் நாம் அறிவதில்லை. லினக்ஸில் அது தனிக் கோப்பு. அந்தக் கோப்பு நிறுவனத்தின் உடைமை. அதன் மூல நிரல் வெளியிடப்படுவதில்லை. கட்டற்ற மென்பொருளை மட்டுமே தருவது என்ற கொள்கையால் டெபியன் நெடுங்காலம் இவற்றைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் பெரும்பாலான ஃபர்ம்வேர் நிறுவியோடே வருகிறது. அதனால் நான் சொல்லும் முதல் வைத்தியம், பழைய நிறுவிக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்வதுதான்.

பிராட்காமின் பழைய சில்லுகளுக்குத் தனிக் கதை உண்டு. லினக்ஸுக்கென ஆவணங்கள் தரப்படாத காலத்தில், தன்னார்வலர்கள் பிராட்காமின் டிரைவரை மறுபொறியியல் முறையில் ஆராய்ந்தே ‘பி43’ என்ற டிரைவரை எழுதினார்கள். 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. ஆனால் அதற்கு முந்தைய சில்லுகள் பலவற்றுக்குப் பி43 பயன்படுகிறது. அதன் ஃபர்ம்வேரைப் பிறர் விநியோகிக்க உரிமை இல்லை. ஆகவே ‘ஃபர்ம்வேர் பி43 இன்ஸ்டாலர்’ என்ற தொகுப்பு, நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து மூலக் கோப்பை இறக்கி, வேண்டிய பகுதியை அதிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்கிறது.

இணையம் வர வேண்டுமானால் இணையம் வேண்டும்! எங்கள் ஐந்தாவது கணினிக்கு வேண்டிய கோப்பையும் இறக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். வழி நம் பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வைஃபை கார்டு அதில் சம்பந்தப்படுவதே இல்லை. பத்து நிமிடம் போதும். தொகுப்பை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்தால் ஆயிற்று. எந்தக் கோப்பு இல்லை என்று தெரியாவிட்டால் ‘சூடோ டிமெசேஜ்’ என்று சொல்லப்படும் கட்டளையைக் கொடுங்கள் (எழுதும்போது டி, எம், ஈ, எஸ், ஜி). ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரியிலேயே கோப்பின் பெயரும் இருக்கும்.

இணையத்தில் தேடினால், விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட்டும் ‘என்டிஐஎஸ் ராப்பர்’ முறையைச் சொல்லும் பழைய குறிப்புகள் ஏராளமாக வரும். அவை பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய மருந்துச் சீட்டுகள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கார்டு நலமாக இருந்தும் இணையாதபோது

கார்டு வேலை செய்கிறது, பக்கத்து வீட்டு வைஃபை பெயரெல்லாம் தெரிகிறது, நம் கைபேசியின் ஹாட்ஸ்பாட் மட்டும் தெரியவில்லை என்றால், அது 5 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது என்று கொள்ளுங்கள். அந்தக் காலத்து மலிவு விலைக் கார்டுகள் பெரும்பாலும் 2.4 மட்டுமே அறிந்தவை. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4ஐத் தேர்ந்தெடுத்தால் தெரியும். ரூட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருந்தாலும் சில கார்டுகளுக்குப் புலப்படாது. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வைக்கலாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கார்டு கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும்.

முதல் நாளே இணைந்த மூன்றில் ஒன்று, விடுமுறை முடிந்து வந்ததும் வேறு மாதிரி முரண்டு பிடித்தது. வைஃபை இணைந்திருக்கிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை; பாதுகாப்பற்ற இணைப்பு என்றே எச்சரிக்கை. மூலையில் இருந்த தேதியைப் பார்த்தவன் எங்கள் கடைசி பெஞ்ச் மாணவன். “டீச்சர், இதுல 2010னு இருக்கு!” தாய்ப்பலகையில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துபோய்க் கணினி காலத்தில் பின்னோக்கிப் போய்விட்டது. வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2010இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! வழக்கமாக லினக்ஸ் இணையத்திலிருந்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். அந்த வழி தடுக்கப்பட்ட வலைப்பின்னலில் அது நடக்காது. தேதியைக் கையால் மாற்றி, பிறகு பேட்டரியை மாற்றினோம். பெரும்பாலும் அது சிஆர் 2032. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். சில மடிக்கணினிகளில் ஒயர் வைத்த பேட்டரியாக இருக்கும். கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டி வாங்குவது நல்லது.

ஆறாவது கணினிக்கு ரூட்டரின் அருகில் மட்டும் வைஃபை வந்தது. வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் போய்விடும். இது மென்பொருள் குறையாக இருக்க முடியாது என்று பிள்ளைகளே நோட்டில் எழுதினார்கள். தூரத்தோடு மாறுகிறதே! மின் இணைப்பை எடுத்து, பேட்டரியையும் கழற்றிவிட்டு, அடிமூடியைத் திறந்தோம். கார்டில் பொருந்தியிருக்க வேண்டிய கறுப்பு, வெள்ளை ஆன்டெனா ஒயர்கள் இரண்டும் கழன்று தொங்கின. எப்போதோ பழுதுபார்த்தவர் மாட்டாமல் விட்டிருக்கலாம். அந்தச் சின்னக் குமிழ்களை விரல்நுனியால் நேராக வைத்து அழுத்த வேண்டும். சாய்த்து அழுத்தினால் உடைந்துவிடும். ஆகையால் அந்த வேலையை மட்டும் நானே செய்தேன்.

கார்டு உண்மையிலேயே செத்துவிட்டால் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்முன் உள்ளே என்ன சில்லு என்று கேளுங்கள். ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லுக்கு டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. அதன் ஃபர்ம்வேரும் திறந்த மூலம். சில்லின் பெயர் சொல்லத் தெரியாத கடையில், திருப்பித் தரலாம் என்றால் மட்டும் வாங்குங்கள்.

இப்போது ஒவ்வொரு கணினியின் அடியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கார்டின் எண், நிறுவிய ஃபர்ம்வேர் தொகுப்பின் பெயர், சுவிட்ச் இருக்கும் இடம், பட்டன் பேட்டரி மாற்றிய மாதம். எழுதியவர்கள் எட்டாம் வகுப்பினர். அவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்முன், தாளை எப்படிப் படிப்பது என்று ஏழாம் வகுப்பினருக்கு ஒரு மாலை வகுப்பு எடுத்துவிட்டுப் போக ஏற்பாடு செய்திருக்கிறேன்.