குறட்டையும் காலைச் சர்க்கரையும்

"உணவில் கட்டுப்பாடாக இருக்கிறேன், மாத்திரையையும் தவறவிடுவதில்லை. ஆனாலும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் குறைய மறுக்கிறது" என்று கூறும் நீரிழிவு நோயாளிகளை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி சந்திக்கிறோம். இரவு உணவின் அளவு, உண்ணும் நேரம், மருந்தின் அளவு ஆகியவற்றை முதலில் ஆராய்கிறோம். அவற்றோடு மற்றொரு கேள்வியையும் கேட்கிறோம்: "உறக்கத்தில் குறட்டை உண்டா?" நோயாளி பெரும்பாலும் "இல்லை" என்பார். உடன் வந்த மனைவியோ மகனோ சிரிப்பார். இந்தக் கேள்விக்கு உறங்குபவரால் விடை கூற இயலாது. அருகில் இருப்பவரால்தான் இயலும். ஆகவே இக்கட்டுரையை நோயாளிகளுக்கு மட்டுமன்றி, அவர்களுடன் ஒரே கூரையின் கீழ் உறங்கும் குடும்பத்தினருக்காகவும் எழுதுகிறோம்.

குறட்டை எப்போது நோயாகிறது?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றியுள்ள மென்மையான சதையும் பின்னோக்கிச் சரிந்து, மூச்சு செல்லும் வழியைக் குறுக்குகின்றன. அக்குறுகிய வழியில் காற்று செல்லும்போது சதை அதிர்ந்து எழும் ஓசையே குறட்டை. வழி அடைபட்டு மூச்சு 10 வினாடிகளோ அதற்கு மேலோ நின்றுபோனால் அதனை உறக்க மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். அப்போது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகிறது. அவர் திணறி, உரத்த ஓசையுடன் மூச்சை இழுத்துவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறார். காலையில் இவை எதுவும் அவருக்கு நினைவிருப்பதில்லை.

குறட்டை விடுபவரைப் பார்த்து, "அடித்துப் போட்டதுபோல் உறங்குகிறார்" என்று நிம்மதி அடைவது நம் வீடுகளில் வழக்கம். குறட்டை விடும் அனைவருக்கும் இந்நோய் இருப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், குறட்டை திடீரென நின்று, சற்று நேர அமைதிக்குப் பின் திணறலுடன் மீண்டும் தொடங்கினால் அது நிம்மதியான உறக்கம் அன்று.

மூச்சு தடைபட்டால் சர்க்கரை ஏன் உயர்கிறது?

ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும், உடல் அதனை ஓர் அவசர நிலையாகவே கருதுகிறது. அட்ரினலின், கார்டிசால் முதலிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. இவை கல்லீரலில் சேமிக்கப்பட்ட சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. அதே நேரத்தில் இன்சுலின் தன் பணியைச் சரிவரச் செய்யவிடாமலும் தடுக்கின்றன. ஆக்சிஜன் மீண்டும் மீண்டும் குறைவதும் இன்சுலினின் ஆற்றலைக் குன்றச் செய்கிறது.

உறக்கம் கலைவதும் ஒரு காரணமே. 2008ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 9 இளைஞர்களை ஆராய்ந்தனர். உறங்கும் நேரத்தைக் குறைக்காமல், ஒலி எழுப்பி அவர்களது ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் மூன்று இரவுகள் தடுத்தனர். இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. எத்தனை மணி நேரம் உறங்கினோம் என்பதுடன், எவ்வாறு உறங்கினோம் என்பதும் முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

இவ்விரு நோய்களும் சேர்ந்து வருவது அரிதன்று. உடல் பருமனுடைய 306 நீரிழிவு நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கும் மேலானோருக்கு ஏதேனும் ஓர் அளவில் உறக்க மூச்சுத்தடை காணப்பட்டது. பருமன் இல்லாதவர்களிடமும் இந்நோயைக் காண்கிறோம். சிறிய அல்லது உட்சென்ற கீழ்த்தாடை, வீங்கிய டான்சில், தைராய்டு குறைபாடு ஆகியவை அதற்குக் காரணமாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்நோயின் வாய்ப்பு கூடுகிறது.

'சர்க்கரையால்தான்' என்று ஒதுக்கப்படும் அறிகுறிகள்

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், பகலில் ஓயாத அசதி, காலையில் தலைவலி, மறதி, எரிச்சல் ஆகியவை இருந்தால் சர்க்கரையின்மீது பழி போடுவது எளிது. ஆனால் மூச்சு தடைபடும்போது இதயத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீர் உற்பத்தியைப் பெருக்குகிறது. சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தும் இரவில் மூன்று, நான்கு முறை எழ நேர்ந்தால், உறக்கத்தையும் ஆராய வேண்டும். பல மருந்துகளுக்கும் அடங்காத இரத்தக் கொதிப்பும் இதே சந்தேகத்தை எழுப்ப வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் சில மாத்திரைகளை உட்கொள்பவர்களும் இரவில் வியர்த்து, படபடப்புடன் விழித்தால், அது தாழ்சர்க்கரையாகவும் இருக்கலாம். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள்; 15 நிமிடங்களில் மீண்டும் பாருங்கள். நினைவு தப்பியவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

எவ்வாறு கண்டறிகிறோம்?

குறட்டை, பகல் அசதி, பிறர் கண்ட மூச்சுத்தடை, இரத்தக் கொதிப்பு, உடல் பருமன், வயது, கழுத்தின் சுற்றளவு, பாலினம் ஆகியவற்றைக் கேட்டும் அளந்தும் முதலில் ஆபத்தைக் கணிக்கிறோம். ஐயம் வலுத்தால் உறக்கப் பரிசோதனை செய்யப்படும். உடலில் சில உணரிகளைப் பொருத்தி ஓர் இரவு உறங்கச் செய்வதே இப்பரிசோதனை. இதில் ஊசியோ வலியோ இல்லை. தகுதியானவர்களுக்கு வீட்டிலேயே செய்யவும் இயலும். ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் 5 முதல் 15 முறைக்குள் எனில் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது.

சிகிச்சை என்ன?

நடுத்தர, கடுமையான நிலைகளுக்கு சிபாப் கருவியே முதன்மையான சிகிச்சை. 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதனை அறிமுகப்படுத்தினார். இதைக் கண்டதும், "ஆக்சிஜன் வைக்கும் அளவுக்கு நோய் முற்றிவிட்டதா?" என்று குடும்பத்தினர் அஞ்சுவதுண்டு. இது ஆக்சிஜன் கருவி அன்று. அறையில் உள்ள காற்றையே மெல்லிய அழுத்தத்துடன் முகமூடி வழியே செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் காக்கிறது. தொடக்கத்தில் மூக்கு உலர்தல், முகமூடியில் காற்றுக் கசிதல் போன்ற தொல்லைகள் நேரலாம். கருவியை அலமாரியில் வைத்துவிடாமல் எங்களிடம் வாருங்கள். முகமூடியின் அளவை மாற்றியும் ஈரப்பதமூட்டியைச் சேர்த்தும் பெரும்பாலும் சரிசெய்ய இயலும்.

எடைக் குறைப்பு இரு நோய்களுக்கும் பொதுவான மருந்து. பருமனுடையோருக்கான டிர்செபடைடு ஊசிமருந்தை, நடுத்தர மற்றும் கடுமையான உறக்க மூச்சுத்தடைக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. மருத்துவரின் மேற்பார்வையின்றி இதனைப் பயன்படுத்தலாகாது. ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு நன்மை தரும். மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். உறக்கம் கெடுகிறதே என்று மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது ஆபத்தானது.

சர்க்கரை குறைந்துவிடுமா?

இக்கேள்விக்கு நேர்மையாக விடையளிப்பது எங்கள் கடமை. சிபாப் பயன்படுத்திய நோயாளிகளின் எச்பிஏ1சி அளவு சில ஆய்வுகளில் குறைந்தது; வேறு சில ஆய்வுகளில் மாற்றமில்லை. இரவில் சில மணி நேரம் மட்டும் அணிபவருக்குப் பயனும் குறைவாகவே இருக்கும். ஆகவே இதனை நீரிழிவு மருந்துக்கு மாற்றாகக் கருத வேண்டாம். மாத்திரையையும் இன்சுலினையும் நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். ஆனால் பகல் அசதி நீங்குவதும், இரத்தக் கொதிப்பு ஓரளவு தணிவதும், வாகனம் ஓட்டுகையில் கண் அயரும் ஆபத்து குறைவதும் சிறிய பயன்கள் அல்ல. அசதி நீங்கியவருக்கு நடைப்பயிற்சிக்கும் மனம் வருகிறது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• மூன்று இரவுகள் கவனியுங்கள். குறட்டை இடையில் நிற்கிறதா, திணறி விழிக்கிறாரா, எத்தனை முறை எழுகிறார் எனக் குறித்து வையுங்கள்.
• அவரது இசைவுடன் கைப்பேசியில் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள்.
• அதே நாட்களின் காலைச் சர்க்கரை அளவையும் அருகில் எழுதுங்கள்.
• அமர்ந்த இடத்திலேயே உறங்கிவிடுபவரை, பரிசோதனை முடியும்வரை வாகனம் ஓட்ட விடாதீர்கள்.
• எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் இந்நோய் பற்றி மயக்க மருத்துவரிடம் கூறுங்கள்.

அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு வரும்போது இக்குறிப்பையும் உடன் கொண்டு வாருங்கள். நோயாளி கூற இயலாததை அது எங்களுக்குக் கூறும்.